பித்தான் மூக்கும் வெயில் சோடாவும்

பாலாற்றில் ஓடத் தண்ணீரும் இல்லை, அள்ள மணலும் இல்லை என்று ஆகிவிட்ட காலத்திலே, ஆற்றங்கரையில் ஒரு ஊர் இருந்தது. அந்த ஊருக்கு இரண்டு பெருமை. ஒன்று பிரியாணி. இன்னொன்று ஷூ. சீமையில் நடக்கிற கால்களில் பாதிக்கு அந்த ஊரில்தான் சோல் ஒட்டியது என்று சொல்வார்கள். பாதியோ கால்வாசியோ, போய் எண்ணிப் பார்த்தவர் யார்?

அந்த ஊரில் ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள். சீடருக்கு ஐம்பத்து மூன்று வயது. குருவுக்கு முப்பத்தொன்று. சிரிக்க வேண்டாம், கதை அப்படித்தான்.

சீடர் பெயர் முனிரத்தினம். ஷூ கம்பெனியில் இருபத்தாறு வருஷம் சோலுக்குப் பசை தடவினார். அந்தப் பசையை அங்கே சொலூஷன் என்பார்கள். டப்பாவைத் திறந்தால் ஆவி குப்பென்று முகத்தில் அடிக்கும். இருபத்தாறு வருஷம் அடித்ததில் அவர் மூக்கு செத்துப்போனது. பிரியாணிக்குத் தம் உடைக்கும்போது தெருவே மூக்கை நீட்டும். அவர் மட்டும் தட்டை நீட்டுவார். மல்லிகைப்பூவும் மண்ணெண்ணெயும் அவருக்கு ஒன்றுதான்.

பசை வேலை முடியாமல் போனபின், பக்கத்துக் கல்லூரியின் ஆராய்ச்சிக்கூடத்தில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தார். அங்கே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர்தான் குரு ஜுபைதா. அதிகம் பேசமாட்டார்.

முதல் நாள் மேசையைத் துடைக்கும்போது முனிரத்தினம் கேட்டார்.

"இது இன்னாமா, சட்டைப் பித்தான் மாதிரி?"

"மூக்கு."

"இவ்ளோண்டா?"

"படிகச் சில்லு, அண்ணே. நொடிக்கு ஒரு கோடி தடவை துடிக்கும். மேலே மெல்லிசா பாலிமர் பூசியிருக்கு. ரப்பருக்குத் தம்பின்னு வெச்சுக்கங்க. சொலூஷன் ஆவி அந்தப் பூச்சுக்குள்ள போய் உக்காரும். கனம் கூடும். துடிப்பு குறையும். குறைஞ்சதை எண்ணினா ஆவி எவ்வளவுன்னு தெரிஞ்சுடும்."

"மூட்டை ஏறினா கழுதை மெதுவா போறாப்பல."

ஜுபைதா முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தார். "இத்தனை வருஷத்துல யாரும் இவ்வளவு சுலபமா சொன்னதில்லை."

"எனக்கு ஒண்ணு வேணும், வாத்தியாரம்மா."

"எதுக்கு?"

முனிரத்தினம் துடைக்கிற துணியை மடித்து வைத்தார். "எனக்கு இல்ல. என் பொண்ணுக்கு. பூங்காவனம் நான் இருந்த அதே ஹால்ல, ஓவன் பக்கத்து டேபிள்ல சொலூஷன் தடவுறா. போன மாசம் பிரியாணி சாப்பிடும்போது, 'புதினா போடலையாப்பா?'ன்னு கேட்டா. அதுல கட்டுப் புதினா கிடக்குது. எனக்கும் புதினாலதான் ஆரம்பிச்சுது."

அன்றிலிருந்து அவர் சீடர்.

*

பூச்சு பூசுவதில் முனிரத்தினத்தை மிஞ்ச ஆள் இல்லை. சோலில் சொலூஷனைத் திட்டுத் திட்டாய் இல்லாமல் இழுக்கத் தெரிந்த கை. பித்தான்மேல் அவர் இழுத்த பாலிமர், ஈரம் காய்ந்த கண்ணாடி மாதிரி இருந்தது. எட்டு மாதத்தில் கருவி தயார். ஆவி அளவோடு இருந்தால் பச்சை விளக்கு. மீறினால் சிவப்பு விளக்கு, கூடவே ஒரு வீறல்.

ஆராய்ச்சிக்கூடத்தின் ஏசி அறையில் ஜுபைதா சொலூஷன் டப்பாவைத் திறந்தார். அவ்வளவுதான், கருவி வீறிட்டது. முனிரத்தினம் அந்த வயதில் ஒரு குதி குதித்தார்.

கம்பெனி முதலாளியும் ஒத்துக்கொண்டார். "சிவப்பு எரிஞ்சா, ஆவியை வெளியே தள்ற அந்தப் பெரிய ஃபேனைப் போடறேன். பச்சையா இருந்தா போடமாட்டேன். காத்து அடிச்சா சொலூஷன் ஒட்டறதுக்கு முன்னாடியே காஞ்சு தோல் கட்டிக்குது. ஆயிரம் ஜோடி பிரிஞ்சு வந்தா யார் பதில் சொல்றது?"

நியாயம்தான். ஆக, ஃபேன் ஓடுமா ஓடாதா என்பது பித்தான் கையில்.

*

மாசி மாதம். விடியலில் போர்வை தேடும், நடுப்பகலில் நிழல் தேடும். காலை ஏழரைக்கு ஓவன் பக்கத்துச் சுவரில் கருவியை மாட்டினார்கள். புது மெஷின் வந்தால் சும்மா விடுவார்களா? சூப்பர்வைசர் தணிகாசலம் கருவிக்குச் சந்தனம் வைத்தார், குங்குமம் வைத்தார், சாமந்திச் சரம் சுற்றினார். ஜுபைதா மெதுவாக, "முகப்புல மட்டும் பூசாதீங்க" என்றார். தலையை ஆட்டிவிட்டு, கருவிக்கு நேர் கீழே நின்று கற்பூரப் பொட்டலத்தைப் பிரித்தார் தணிகாசலம். தீக்குச்சியை இன்னும் உரசக்கூட இல்லை.

கருவி வீறிட்டது. சிவப்பு!

பெண்கள் அத்தனை பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"கற்பூரம் ஏத்தறதுக்கு முன்னாடியே சாமி வந்துடுச்சுடி!"

"மேஸ்திரி, சாமி உம்மைப் பாத்துதான் கத்துது. நேத்து எஸ்தர் அக்காவுக்குப் பர்மிஷன் தரல இல்ல?"

"இந்தாம்மா, வாயை மூடு."

ஒரே சிரிப்பு, ஒரே கைத்தட்டல். நாலு பேர் முனிரத்தினத்தின் முதுகில் தட்டினார்கள். யாரோ சாமந்தியைப் பிய்த்து அவர் தலையில் போட்டார்கள். அவருக்குக் காது மடல் வரைக்கும் சூடேறியது. இருபத்தாறு வருஷம் இந்த ஹாலில் குனிந்தே இருந்த ஆளை இன்றைக்கு ஹாலே நிமிர்ந்து பார்க்கிறது.

"கற்பூரத்துக்கே கத்துதே, சொலூஷனுக்குக் கத்தாதா? பாத்துக்குங்க, என் கையால பூசினது!"

பூங்காவனம் அவர் முழங்கையைத் தொட்டாள். "அப்பா, கற்பூரம் பிரிச்சாச்சா?"

"ஆச்சு ஆச்சு, தள்ளு. இங்க பாருங்க தணிகாசலம், இந்த விளக்கு இருக்குதே..."

ஜுபைதா பூங்காவனத்தைப் பார்த்தார். பிறகு சீடரைப் பார்த்தார்.

"முகம் சிவந்துபோச்சு, அண்ணே. கொஞ்சம் தண்ணி குடிங்க."

"சந்தோஷம் வாத்தியாரம்மா, சந்தோஷம்!"

குரு கல்லூரிக்குப் போய்விட்டார். சீடர் கருவியை விட்டு நகரவில்லை.

*

மணி ஒன்றரை. மேலே தகரக்கூரை. பக்கத்தில் சொலூஷன் தடவிய சோல்களைச் சூடாக்குகிற ஓவன். முப்பது டப்பா திறந்து கிடக்கிறது. பெண்கள் கண்ணைக் கசக்குகிறார்கள். பூங்காவனத்துக்குப் பக்கத்தில் எஸ்தர் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டே பிரஷ்ஷை இழுக்கிறாள்.

கருவியில் பச்சை.

தணிகாசலம் கேட்டார். "இன்னா முனி, ஃபேன் போடலாமா?"

"எதுக்கு? பச்சைதானே எரியுது!" காலையில் ஏறிய உற்சாகம் இன்னும் இறங்கவில்லை. "சிவப்பு வந்தா அதுவே கூப்பிடும்பா. நாம கவலைப்படவே வேணாம்."

"அப்பா," என்றாள் பூங்காவனம். "தலை சுத்துது."

அவர் கருவியைப் பார்த்தார்.

"பச்சைம்மா. ஒண்ணும் இல்ல. காலைல சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

"பச்சை எரியுதும்மா. வேலையைப் பாரு."

அவள் வேலையைப் பார்த்தாள். இன்னும் நாலு சோல் தடவினாள். ஐந்தாவது சோல் கையிலிருந்து நழுவியது, அதன் பின்னாலேயே அவளும் சரிந்தாள். எஸ்தர் தாவிப் பிடித்திருக்காவிட்டால் தலை ஓவன் விளிம்பில் மோதியிருக்கும்.

வெளியே வேப்பமரத்தடியில் படுக்கவைத்துத் தண்ணீர் தெளித்தார்கள். கண் விழித்தாள். எஸ்தர் மடியில் அவள் தலை இருந்தது. எஸ்தர் முனிரத்தினத்தை நிமிர்ந்து பார்த்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பார்வையைத் தாங்குவதற்குப் பதில் நாலு ஏச்சு வாங்கியிருக்கலாம்.

ஹாலுக்குள் கருவி இன்னும் பச்சை காட்டிக்கொண்டிருந்தது.

*

கருவியைச் சாமந்திச் சரத்தோடு கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முனிரத்தினம் கல்லூரிக்கு ஓடினார்.

"வாத்தியாரம்மா! இது பொய் சொல்லிடுச்சு!"

"பூங்காவனம்?"

"எழுந்து உக்காந்துட்டா. டாக்டர்கிட்ட எஸ்தர் கூட்டிக்கினு போயிருக்கு. வாத்தியாரம்மா, இதை உடைச்சுப் போட்டுடட்டுமா?"

ஜுபைதா கருவியை மேசையில் வைத்தார். அரை மணி ஏசி அறையில் அப்படியே இருக்கவிட்டார். பிறகு சொலூஷன் டப்பாவைத் திறந்தார்.

வீறிட்டது. சிவப்பு.

முனிரத்தினம் தலையில் கை வைத்துக்கொண்டார். "இங்க கத்துது! காலைல அங்க கத்துச்சு! மத்தியானம் மட்டும் வாயைக் கட்டிக்குது. அதே பித்தான், அதே சொலூஷன். ஏன் வாத்தியாரம்மா?"

"தாகமா இருக்கு. சோடா குடிப்போமா?"

"சோடாவா?"

குரு எழுந்து நடந்தார். சீடர் என்ன செய்வார்? பின்னாலேயே போனார்.

கல்லூரி வாசலில் இக்பால் பாயின் சோடாக்கடை. ஜுபைதா சொன்னார்: "பாய், ஐஸ்ல இருக்கிற கோலி சோடா ஒண்ணு. வெளியே வெயில்ல இருக்கிற பெட்டியிலிருந்து ஒண்ணு."

"வெயில்ல கிடக்கிறதா? நல்லா இருக்காதும்மா."

"குடுங்க."

"படிச்சவங்க கேக்கறாங்க, நமக்கென்ன," என்று முணுமுணுத்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார் பாய்.

ஐஸ் சோடாவை முனிரத்தினம் திறந்தார். கோலி சட்டென்று இறங்கியது. ஒரு மிடறு குடித்தார். சுள்ளென்று மூக்கு நுனி வரைக்கும் ஏறியது. வாசனை செத்த மூக்குக்கும் அந்தக் குத்தல் தெரிந்தது.

"இப்ப இது," என்று வெயில் சோடாவை நீட்டினார் குரு.

கட்டைவிரலால் அழுத்தினார், கோலி அசையவில்லை. இரண்டு கையாலும் அழுத்தினார். "இன்னா பாய், வெல்டிங் வெச்சிருக்கியா?" மூன்றாவது அழுத்தலில் புஸ்ஸென்று வெடித்து, நுரை அவர் சட்டை, மீசை, பாயின் கண்ணாடி என்று எல்லாவற்றையும் நனைத்தது. மிச்சத்தைக் குடித்தார். சப்பென்று இருந்தது, சர்க்கரைத் தண்ணீர்.

"இதுல கேஸே இல்ல," என்றார்.

"ரெண்டும் ஒரே நாள் அடைச்சதுதான்," என்றார் பாய் கண்ணாடியைத் துடைத்தபடி. "அதே கேஸு. எவன்யா கேஸ் இல்லன்றவன்?"

"அப்போ எங்க போச்சு?"

ஜுபைதா காலிப் பாட்டிலின் கழுத்தில், கோலிக்குக் கீழே தண்ணீர் எட்டாத அந்தக் கொஞ்ச இடத்தில் விரலை வைத்தார்.

முனிரத்தினம் பாட்டிலைப் பார்த்தார். சட்டையைப் பார்த்தார். கட்டைவிரலைப் பார்த்தார், இன்னும் வலித்தது.

"தண்ணி சூடானா கேஸைப் பிடிச்சு வெக்கல. விட்டுடுது. விட்டது மேலே வந்து கோலியை முட்டிக்கினு நிக்குது." நிறுத்தினார். மூச்சு வேகமானது. "பூச்சும் அப்படித்தான்! குளிர்ல ஆவியைப் பிடிச்சு வெச்சுக்குது. கனம் ஏறுது, கத்துது. சூட்டுல பிடி விட்டுடுது. கனம் இல்ல, கத்தல. ஆனா ஆவி போயிடல வாத்தியாரம்மா! காத்துலதான் நிக்குது! அந்த நேரத்துலதான் ஜாஸ்தி! ஓவன் சூட்டுல டப்பா ஒவ்வொண்ணும் கக்குது, பூச்சு ஒண்ணையும் பிடிக்கல, அத்தனையும் என் பொண்ணு மூக்குக்கு!"

நடுரோடு என்றும் பார்க்காமல் கத்தினார். ஷேர் ஆட்டோவில் போன நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்போதுதான் அவருடைய போன் அடித்தது. தணிகாசலம்.

கேட்கக் கேட்க முனிரத்தினத்தின் முகம் மலர்ந்தது. "வாத்தியாரம்மா! முதலாளி சொல்லிட்டாராம். காலைல கத்தி மத்தியானம் கத்தலைன்னா வெயில்தான் கருவிக்கு ஆகலையாம், அதுக்குக் கண்ணாடியில ஒரு பெட்டி அடிச்சு உள்ளே ஏசி போட்டுடலாமாம்! நம்ம பித்தானுக்கு ஏசி! இனிமே அது குளுகுளுன்னு உக்காந்து சரியா சொல்லும் இல்ல?"

"சொல்லும்," என்றார் குரு.

"அப்போ சரின்னு சொல்லிடட்டுமா?"

"சொல்லுங்க. பெட்டியைக் கொஞ்சம் பெரிசா அடிக்கச் சொல்லுங்க."

"ஏன்?"

"பூங்காவனமும் உள்ளே உக்காரணுமே."

போனில் தணிகாசலம் "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டிருந்தார்.

"பெட்டி வேணாம்," என்றார் முனிரத்தினம். "பித்தான் அங்கேயே, என் பொண்ணு உக்கார்ற சூட்டுலயே இருக்கட்டும். நாங்க வரோம். அதுவரைக்கும் பக்கத்து ஷட்டரைத் திறந்து வை. முதலாளி கேட்டா நான் சொன்னேன்னு சொல்லு."

*

ஏழு நாள். ஓவன் பக்கத்தில் ஒரு ஸ்டூல், ஒரு கண்ணாடி ஜாடி, ஒரு தெர்மாமீட்டர், ஒரு நோட்டு. ஜாடிக்குள் பித்தான். அளந்து ஒரே ஒரு சொட்டு சொலூஷன். விடியலில் ஒரு முறை, பத்து மணிக்கு ஒரு முறை, உச்சியில் ஒரு முறை. சொட்டு மாறவில்லை, சூடு மட்டும் மாறியது.

இருபத்து நாலு டிகிரியில் துடிப்பை நூறு குறைத்த சொட்டு, விடியலின் பத்தொன்பதில் நூற்றிருபதைத் தாண்டியது. முப்பத்து மூன்றில் அறுபத்தெட்டு. நாற்பத்து மூன்றில் நாற்பத்தைந்துக்குக்கூட மூச்சு வாங்கியது. ஒவ்வொரு எண்ணுக்கும் முனிரத்தினம் ஸ்டூலை விட்டு எழுந்து எழுந்து உட்கார்ந்தார். "இறங்குது பாருங்க! இன்னும் இறங்குது!"

மூன்றாம் நாள் ஒரு குழப்பம். ஜாடியில் சொட்டே விடவில்லை, ஆனாலும் சூடு ஏற ஏற எண் கொஞ்சம் நகர்ந்தது.

"பேயா?" என்றாள் எஸ்தர். அவள் இப்போது முனிரத்தினத்தோடு பேச ஆரம்பித்திருந்தாள்.

"படிகத்துக்கும் பூச்சுக்கும் சூடு படுதுல்ல, அதுவே கொஞ்சம் ஆட்டும்," என்றார் ஜுபைதா. ஆவி புகாமல் மூடி அடைத்த இன்னொரு பித்தானைப் பக்கத்தில் வைத்தார். அது ஆடுவதைக் கழித்துவிட்டால், மிச்சம் ஆவி.

"வாய் கட்டின தம்பி ஒருத்தன் கூடவே போனாதான் அண்ணன் உளறது எவ்வளவுன்னு தெரியும்," என்றார் முனிரத்தினம். ஹால் முழுக்கச் சிரித்தது.

டாக்டர் சொல்லி நாலு நாள் வீட்டில் இருந்த பூங்காவனம் ஐந்தாம் நாள் வந்து நின்றாள்.

"நீ ஏம்மா வந்தே?"

"என் டேபிள்ல எஸ்தர் அக்காவை உக்கார வெச்சிருக்கே. அவங்களுக்கு மூக்கு இல்லையா?"

அவர் திறந்த ஷட்டர் பக்கமாக அந்த டேபிளைத் தானே இழுத்துப் போட்டார்.

எட்டாம் நாள் கருவி திரும்பச் சுவர் ஏறியது. இந்த முறை அதன் இடுப்பில் ஒரு தெர்மாமீட்டர். எத்தனை டிகிரியில் எந்த எண் வந்தால் சிவப்பு என்று அதற்குச் சொல்லிக் கொடுத்தாயிற்று. சந்தனம் இல்லை, கற்பூரம் இல்லை. தணிகாசலம் மட்டும் யாருக்கும் தெரியாமல் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கீழே வைத்தார். சோதிப்பதற்காக ஷட்டரை மூடினார்கள்.

மணி ஒன்று. முப்பத்தொன்பது டிகிரி. பச்சை.

ஒன்று இருபது. நாற்பத்தொன்று. பச்சை. முதலாளி வந்து பின்னால் நின்றார். யாரும் பிரஷ்ஷை நகர்த்தவில்லை.

"கத்துடா," என்றார் முனிரத்தினம் மெதுவாக. "கத்துடா என் ராசா."

ஒன்று முப்பத்தைந்து. நாற்பத்து மூன்று.

வீறிட்டது!

முதலாளி தானே போய் ஸ்விட்சைப் போட்டார். வருஷக்கணக்கில் தூங்கிய பெரிய ஃபேன் உறுமியது, தூசியைத் துப்பியது, பிறகு சுழன்றது. மேசைத் துணிகள் பறந்தன, தணிகாசலத்தின் ரிஜிஸ்டர் தாள்கள் பறந்தன. பெண்கள் கூச்சல் போட்டார்கள். எஸ்தர் கையில் பிரஷ்ஷோடு இரண்டு சுற்று ஆடினாள்.

"சொலூஷன் காஞ்சுடும்," என்றார் முதலாளி, ஃபேனைப் பார்த்தபடி.

"நாலு நாலா தடவாம ரெண்டு ரெண்டா தடவுறோம் சார்," என்றாள் பூங்காவனம். "காயறதுக்குள்ள ஒட்டிடலாம்."

முதலாளி யோசித்தார். தலையை ஆட்டினார்.

*

ஷிப்ட் முடிந்தது. பெண்கள் போய்விட்டார்கள். பூங்காவனம் கேட் அருகே காத்திருந்தாள். ஹாலில் குருவும் சீடரும் மட்டும். ஃபேன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

முனிரத்தினத்துக்கு உட்கார முடியவில்லை. கருவியின் முன்னால் நடந்தார், திரும்பினார், நடந்தார். "தையல் ஹாலுக்கு ஒண்ணு செய்வோம் வாத்தியாரம்மா. அடுத்த கம்பெனிக்கு ஒண்ணு. என் கை இருக்குது, உங்க மூளை இருக்குது..."

சட்டென்று நின்றார். தரையில், சுவரோரம், அன்றைக்குக் கட்டிய சாமந்திச் சரத்திலிருந்து உதிர்ந்த ஒரு பூ காய்ந்து கிடந்தது. குனிந்து எடுத்தார்.

"அன்னிக்குக் கற்பூரம் பிரிச்சப்போ, அவ என் பக்கத்துலதான் நின்னா," என்றார். "'கற்பூரம் பிரிச்சாச்சா'ன்னு கேட்டா. எல்லார் மூக்குலயும் ஏறின கற்பூரம். அவளுக்குத் தெரியல."

குரு கேட்டுக்கொண்டிருந்தார்.

"எதுக்காக எட்டு மாசம் இதைச் செஞ்சேனோ, அதையே என் காதுகிட்ட வந்து சொன்னா. 'தள்ளு'ன்னேன். மத்தியானம் தலை சுத்துதுன்னா. 'பச்சை'ன்னேன்." பூ அவர் விரல்களுக்கிடையில் பொடிந்தது. "பித்தானுக்குச் சூடு ஏறிச்சு, பிடி விட்டுடுச்சு. சரி. எனக்கு இன்னா வாத்தியாரம்மா? நான் ஏன் அவ பேச்சைப் பிடிக்காம விட்டேன்?"

ஜுபைதா தன் பையைத் திறந்தார். ஏழு நாளும் ஜாடிக்குள் இருந்த அந்தத் தெர்மாமீட்டரை எடுத்தார். புடவைத் தலைப்பால் துடைத்தார். முனிரத்தினத்தின் சட்டைப் பையில் செருகினார்.

முனிரத்தினம் பையைப் பார்த்தார்.

"கருவிக்குத்தான் ஒண்ணு மாட்டியாச்சே, வாத்தியாரம்மா."

"ஆமா, அண்ணே. கருவிக்கு மாட்டியாச்சு."

பையைத் தோளில் போட்டுக்கொண்டு குரு நடந்தார். கேட்டில் பூங்காவனத்திடம் ஏதோ சொன்னார். இருவரும் சிரிப்பது கேட்டது. பிறகு செருப்புச் சத்தம் தெருவோடு தேய்ந்து போனது.

"அப்பா, வரியா?"

முனிரத்தினம் சட்டைப் பையைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். ஃபேனை நிறுத்தவில்லை. மகள் குரல் வந்த பக்கம் நடந்தார்.